அலெக்சாண்டர் போப்பின் புகழ்பெற்ற வரிகளும் அவை முதலில் நின்ற இடமும்

கேள்வி இதுதான்: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களில் யாருடைய வரிகள் இன்றும் நினைவில் நிற்கின்றன, சில வரிகளை விளக்கத்தோடு தர முடியுமா?

ஒரே ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அலெக்சாண்டர் போப்தான். தாமஸ் கிரே, ஆலிவர் கோல்ட்ஸ்மித், வில்லியம் கூப்பர் என்று வேறு பெயர் சொல்பவர்களும் இருப்பார்கள். கிரேயின் 'எலிஜி' ஒன்றிலேயே மனப்பாடம் செய்யத் தகுந்த வரிகள் நிறைய உண்டு. ஆனால் எழுதியவர் யார் என்றே தெரியாமல் ஆங்கிலப் பேச்சில் பழமொழியாகக் கலந்துவிட்டவை போப்பின் வரிகள். "தவறுவது மனித இயல்பு, மன்னிப்பது தெய்வ இயல்பு." "அரைகுறைப் படிப்பு ஆபத்தானது." "தேவதூதர்கள் கால்வைக்க அஞ்சுகிற இடத்தில் முட்டாள்கள் முண்டியடித்து நுழைகிறார்கள்." மூன்றும் அவருடையவை. மூன்றும் ஒரே கவிதையில் வருபவை.

இந்த வரிகள் காலண்டர் தாளிலும் காலை வணக்கச் செய்திகளிலும் புத்திமதியாக வருகின்றன. போப்போ சும்மா புத்திமதி சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. வம்புக்காரர், கோபக்காரர், எதையும் மறக்காதவர். வரிகளை அவர் வைத்த இடத்திலேயே வைத்துப் படித்தால் பாதி கிண்டலாக இருக்கும், சில வரிகள் நாம் நினைத்திருந்ததற்கு நேர்மாறாக இருக்கும். அதனால் வரியோடு அது நின்ற இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1688 மே 21-இல் லண்டனில், துணி வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். அதே ஆண்டின் கடைசியில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிப்போனார். அதன்பின் கத்தோலிக்கர்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது, அரசுப் பதவி கிடையாது, லண்டனிலிருந்து பத்து மைலுக்குள் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் வேறு. போதாக்குறைக்குச் சிறுவயதிலேயே முதுகெலும்பில் காசநோய். கூன் விழுந்து, நான்கரை அடியோடு வளர்ச்சி நின்றுவிட்டது. பிற்காலத்தில் ஒரு கவிதையில் "என் வாழ்க்கை என்கிற இந்த நீண்ட நோய்" என்று போகிறபோக்கில் எழுதுகிறார். சுயபச்சாதாபம் துளியும் இல்லாத இடத்தில் அந்த வரி வருவதால்தான் அது அப்படித் தைக்கிறது.

இனி அந்த மூன்று வரிகளும் வருகிற கவிதை, 'எஸ்ஸே ஆன் கிரிட்டிசிசம்'. 1711-இல் பெயர் போடாமல் வெளியிட்டார், அப்போது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை. விமர்சகர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் செய்யுளாகவே சொல்லும் கவிதை. "தவறுவது மனித இயல்பு" என்பது பழைய லத்தீன் முதுமொழி, போப் கண்டுபிடித்ததல்ல. "மன்னிப்பது தெய்வ இயல்பு" என்ற பாதியைச் சேர்த்து அதை முழுமையாக்கியது அவர். அவர் பேசுவதும் பொதுவாக மனிதர்களிடம் அல்ல, புத்தக விமர்சகர்களிடம். விமர்சகன் என்ற வேடத்துக்குள் மனிதன் தொலைந்துவிடக் கூடாது, நல்ல அறிவும் நல்ல மனமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இந்த வரிக்கு வருகிறார். இதற்கு அடுத்து என்ன வருகிறது என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. "அப்படியும் உங்களுக்குள் கொஞ்சம் எரிச்சலும் கடுப்பும் மிச்சமிருந்தால், அதை இன்னும் பெரிய குற்றங்கள்மேல் கொட்டுங்கள், இந்தக் கெட்ட காலத்தில் அதற்கொன்றும் பஞ்சமில்லை" என்கிறார். மன்னிப்பின் மகிமை இரண்டு வரிகூடத் தாங்கவில்லை.

அதே கவிதையில் ஜான் டென்னிஸ் என்ற மூத்த விமர்சகரையும் சீண்டியிருந்தார். டென்னிஸ் எழுதிய 'அப்பியஸ் அண்ட் விர்ஜீனியா' நாடகம் மேடையில் தோற்றிருந்தது. போப் அவரை அப்பியஸ் என்றே அழைத்து, நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் சிவப்பார், பழைய திரைச்சீலையில் நெய்த கொடுங்கோலனைப் போல விழித்துப் பார்ப்பார் என்று எழுதினார். டென்னிஸ் மன்னிக்கவில்லை. உடனே ஒரு பிரசுரம் போட்டு, அதில் போப்பை "கூன் விழுந்த தேரை" என்றார். மன்னிப்பு பற்றிய உலகப் புகழ் வரியை உடைய கவிதை, வாழ்நாள் முழுக்க நீண்ட ஒரு பகையைத் தொடங்கிவைத்தது.

முட்டாள்கள் வரி இன்னும் சுவாரசியம். இன்று அது யோசிக்காமல் தொழிலில் பணம் போடுகிறவனுக்கும், விவரம் தெரியாமல் தலையிடுகிற அரசியல்வாதிக்கும் சொல்லும் எச்சரிக்கை. போப் சொன்னது ஓயாமல் பேசி அறுக்கும் ஒரு வகை ஆளைப் பற்றி. தான் படித்த எல்லாவற்றையும் பற்றி யாரையாவது பிடித்துவைத்துப் பேசியே தீருவான். இவனிடமிருந்து தப்ப எந்தப் புனிதமான இடமும் இல்லை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த முற்றத்தில்தான் அந்தக் காலத்தில் புத்தகக் கடைகள் இருந்தன. முற்றத்தில் பிடித்துக்கொள்வான் என்று பயந்து கோவிலுக்குள் ஓடினாலும் பயனில்லை, பலிபீடத்தின் அருகே போய் நின்றாலும் அங்கேயும் வந்து பேசியே உங்களைக் கொன்றுவிடுவான். "ஏனென்றால் தேவதூதர்கள் கால்வைக்க அஞ்சுகிற இடத்தில் முட்டாள்கள் முண்டியடித்து நுழைகிறார்கள்." தேவதூதர்கள் ஏன் வந்தார்கள் என்பது இப்போது புரியும். பலிபீடம் அங்கே நிஜமாகவே இருக்கிறது. இ.எம். ஃபார்ஸ்டர் 1905-இல் தன் முதல் நாவலுக்கு இந்த வரியின் பின்பாதியைத் தலைப்பாக வைத்தார். அதிலிருந்து வரிக்கு ஒரு கனம் ஏறிவிட்டது, உள்ளே இருந்த அறுவை ஆசாமி காணாமல் போய்விட்டான்.

அரைகுறைப் படிப்பு வரியைப் பலரும் "அரைகுறை அறிவு" என்று மாற்றிச் சொல்கிறார்கள். போப் எழுதியது படிப்பைப் பற்றி. கலைத்தேவியரின் பியேரிய ஊற்றில் குடித்தால் ஆழமாகக் குடி, இல்லையென்றால் வாயே வைக்காதே என்கிறார். ஏனென்றால் அந்தத் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தால் போதை ஏற்றும், வயிறு முட்டக் குடித்தால் போதை தெளியும். சாராயத்தின் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். இதைத் தொடர்ந்து வருவது ஆல்ப்ஸ் மலை ஏறும் பயணியின் உவமை. ஒரு மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கும்போது அதன் பின்னால் அடுத்தது எட்டிப் பார்க்கும், "ஆல்ப்ஸ்மேல் ஆல்ப்ஸ்" எழும்பும். புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தொகுத்த விமர்சகர் டாக்டர் ஜான்சன், ஆங்கிலக் கவிதையிலேயே சிறந்த உவமை இதுவாக இருக்கலாம் என்றார். ஜான்சன் சுலபமாகப் புகழ்கிறவர் இல்லை.

இவருடைய வரிகள் மட்டும் ஏன் இப்படிக் கழன்று வருகின்றன என்று கேட்கலாம். காரணம் வடிவம். போப்பின் கவிதைகள் அநேகமாக எல்லாமே ஈரடிகளால் ஆனவை. அடிக்குப் பத்து அசை, இரண்டு அடியின் முடிவிலும் ஒரே ஒலி, நம் யாப்பில் இயைபு என்று சொல்வது. கருத்து பெரும்பாலும் அந்த இரண்டு அடிக்குள்ளேயே முடிந்துவிடும். ஒன்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

ட்ரூ ஈஸ் இன் ரைட்டிங் கம்ஸ் ஃப்ரம் ஆர்ட், நாட் சான்ஸ்,
ஆஸ் தோஸ் மூவ் ஈஸியஸ்ட் ஹூ ஹாவ் லேர்ன்ட் டு டான்ஸ்.

எழுத்தில் வரும் சரளம் பயிற்சியால் வருவது, குருட்டு அதிர்ஷ்டத்தால் அல்ல. நடனம் கற்றவர்கள்தானே நடையிலும் மிக இயல்பாக இருக்கிறார்கள் என்பது பொருள். சான்ஸ், டான்ஸ் என்று இரண்டு அடியும் பூட்டிக்கொள்கின்றன. பெட்டி மாதிரி மூடிக்கொள்வதால் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

வடிவத்தை வைத்து அவர் விளையாடுகிற இடமும் இதே கவிதையில் இருக்கிறது. சில கவிஞர்கள் பாட்டை முடிக்கும்போது பகட்டுக்காகப் பன்னிரண்டு அசையுள்ள நீண்ட அடி ஒன்றைப் போடுவார்கள், அதற்கு அலெக்சாண்ட்ரைன் என்று பெயர். வேண்டாத அலெக்சாண்ட்ரைன் ஒன்று பாட்டை முடிக்கிறது என்று பத்து அசையில் சொல்லிவிட்டு, அடுத்த அடியை இப்படி எழுதுகிறார்: "தட், லைக் எ வூண்டட் ஸ்னேக், ட்ராக்ஸ் இட்ஸ் ஸ்லோ லெங்த் அலாங்." அடிபட்ட பாம்பு போலத் தன் நீளத்தை மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது. எண்ணிப் பாருங்கள், இந்த அடியில் பன்னிரண்டு அசை. 'ஸ்லோ லெங்த்' என்ற இடத்தில் நாக்கே வேகமாகப் போக முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

'தி ரேப் ஆஃப் தி லாக்' பற்றி எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். லார்டு பீட்டர் என்ற இளைஞர் அராபெல்லா ஃபெர்மர் என்ற பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளைக் கத்தரித்துவிட, இரு குடும்பங்களும் முறைத்துக்கொண்டன. அதை ஒரு மகாபாரதப் போராக்கி எழுதினார் போப், 1712-இல் இரண்டு காண்டம், 1714-இல் ஐந்து காண்டமாக விரித்து. அன்றைய ஆன் ராணியைப் பற்றிய ஈரடி பிரபலம்: மூன்று ராஜ்யங்கள் பணிந்து நிற்கும் ராணியே, நீ இந்த அரண்மனையில் சில நேரம் ஆலோசனை எடுத்துக்கொள்கிறாய், சில நேரம் தேநீர். சிரித்துவிட்டு அதே பக்கத்தில் கீழே வந்தால் இது இருக்கிறது: பொழுது சாய்கிறது, "பசியெடுத்த நீதிபதிகள் தீர்ப்பில் சட்டென்று கையெழுத்திடுகிறார்கள், ஜூரிகள் சாப்பிடப் போக வேண்டுமென்று ஏழைப் பாவிகள் தூக்கில் தொங்குகிறார்கள்." நேரத்தைச் சொல்வதற்காக மட்டும் எழுதிய இரண்டு வரிகள். உடனே சீட்டாட்டத்துக்குப் போய்விடுகிறார். போப் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த ஈரடி இதுதான், இதை எந்தக் காலண்டரிலும் பார்த்ததில்லை.

2004-இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றால் புதுவாழ்வு பெற்ற வரி "களங்கமற்ற மனத்தின் நிரந்தர வெயில்". 1717-இல் வெளியான 'எலோய்சா டு அபெலார்ட்' கவிதையில் வருகிறது. பிரிக்கப்பட்டு மடத்தில் அடைபட்டிருக்கும் எலோய்சா, காதலை மறக்க முடியாமல் தவித்தபடி, எதையும் அனுபவித்திராத கன்னித்துறவி எவ்வளவு கொடுத்துவைத்தவள், "உலகை மறந்தவள், உலகால் மறக்கப்பட்டவள்" என்று பொறாமைப்படுகிறாள். அந்த வெயில் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தவள் சொல்வது அது. படத்தில் இந்த வரிகளைச் சொல்லும் பெண், எழுதியவர் பெயரைப் 'போப் அலெக்சாண்டர்' என்று மாற்றிச் சொல்லி அவரைப் பாப்பரசராக்கிவிடுவாள். கத்தோலிக்கரான போப் அதை ரசித்திருப்பார்.

அடுத்து 'எஸ்ஸே ஆன் மேன்', 1733-34. இதையும் பெயர் போடாமல்தான் விட்டார். யார் எழுதியது என்று தெரியாததால் அவருடைய எதிரிகளே சிலர் புகழ்ந்து தொலைத்தார்கள். "மனிதகுலம் கற்க வேண்டிய பாடம் மனிதன்", "மனித நெஞ்சில் நம்பிக்கை ஓயாமல் ஊறுகிறது" என்ற இரண்டும் இதில் உள்ளவை. நம்பிக்கை வரியைத் தேர்தல் பிரசாரத்திலிருந்து கிரிக்கெட் வர்ணனைவரை எல்லாரும் உற்சாக டானிக்காகப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஜோடி அடியைப் படியுங்கள்: "மனிதன் எப்போதும் பாக்கியவானாக இல்லை, எப்போதும் பாக்கியவானாகப் போகிறவனாகவே இருக்கிறான்." நாளைக்கு விடியும் என்ற எண்ணம் மட்டும்தான் இன்றைக்குக் கொடுத்திருக்கிறது, விடிகிற கதை வேறு. இதற்குச் சில வரிகள் முன்னால், இன்று அறுபடப் போகும் ஆட்டுக்குட்டி தன்னை வெட்ட ஓங்கிய கையையே நக்குகிறது. அதற்கு உன் அறிவு இருந்தால் துள்ளி விளையாடுமா என்று கேட்கிறார். டானிக் பாட்டிலில் இதையும் ஒட்டினால் விற்காது.

அதே பகுதியில் "பார், அந்த ஏழை இந்தியனை" என்று ஒரு பத்தி தொடங்கும். நம்மைச் சொல்கிறாரோ என்று நினைக்க வேண்டாம், அவர் சொல்வது அமெரிக்கப் பழங்குடியை. மேகத்தில் கடவுளைக் காண்கிற, சொர்க்கத்துக்குத் தன் நாயும் கூட வரும் என்று நம்புகிற மனிதன். கொஞ்சம் ஏளனம் கலந்த இரக்கம்தான், இன்று படிக்க நெருடும்.

இந்தக் கவிதையின் முதல் பாகம் முடியும் வரி போப்புக்குப் பெரிய தலைவலி ஆயிற்று. சரியாகச் சொன்னால் அவர் போனபிறகு ஆயிற்று. "இருப்பது எதுவோ, அது சரியே." பிரபஞ்சத்தின் ஒரு மூலையை மட்டும் பார்க்கும் நமக்குக் கெடுதலாகத் தெரிவது முழுமையில் பொருந்தியிருக்கும் என்பது அவர் வாதம். 1755 நவம்பர் 1-ஆம் தேதி, புனிதர்கள் அனைவரின் திருநாளன்று, ஜனம் தேவாலயங்களில் நிறைந்திருந்த நேரத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தது, பின்னாலேயே கடல் பொங்கி வந்தது, தீ பிடித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் ஒரு காலத்தில் போப்பின் ரசிகர், இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது அவரைச் சந்தித்தவர். அவரே லிஸ்பன் பேரழிவு பற்றிக் கவிதை எழுதி, 'எல்லாம் நன்றே என்ற கூற்றின் பரிசோதனை' என்று துணைத்தலைப்பு வைத்தார். 1759-இல், எல்லாம் நன்மைக்கே என்ற எண்ணத்தைக் கிண்டலடிக்கும் அவருடைய 'கேண்டிட்' நாவல் வந்தது. இந்த வழக்கில் நான் வால்டேர் பக்கம். ஆட்டுக்குட்டியை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கவிஞர், அதே கவிதையில் எல்லாம் சரியே என்று முடித்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

போப்பின் உச்சம் என்று நான் நினைப்பது 1735 தொடக்கத்தில் வந்த 'எபிசில் டு டாக்டர் ஆர்பத்நாட்'. ஆர்பத்நாட் அவருடைய மருத்துவ நண்பர், முன்பு ஆன் ராணிக்கு வைத்தியம் பார்த்தவர், கவிதை வெளிவந்த சில வாரங்களில் இறந்துவிட்டார். "கதவைச் சாத்து, சாத்து ஜான், தட்டுகிற வளையத்தைக் கட்டிவை, எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல், செத்துப்போய்விட்டேன் என்று சொல்" என்று ஆரம்பமே அமர்க்களம். கையெழுத்துப் பிரதியோடு வரும் கவிஞர்களின் தொல்லை தாங்காமல் வேலைக்காரரிடம் சொல்வது.

இதில் இரண்டு ஆட்களின் சித்திரம் இருக்கிறது. ஒன்று 'அட்டிகஸ்'. அது கட்டுரையாளர் ஜோசப் அடிசன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் நண்பர்கள், அடிசனின் 'கேட்டோ' நாடகத்துக்கு 1713-இல் முன்னுரைக் கவிதை எழுதிக் கொடுத்ததே போப்தான். 1715 ஜூனில் போப் செய்த, ஹோமரின் 'இலியட்' காவிய மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி வந்த அதே வாரத்தில், அடிசனின் சிஷ்யர் தாமஸ் டிக்கெல் செய்த போட்டி மொழிபெயர்ப்பும் வந்தது. பின்னால் இருந்து இயக்கியது அடிசன் என்று போப் முடிவுகட்டிவிட்டார். அதற்கான பதில் இது: "மெல்லிய பாராட்டாலேயே தீர்த்துக்கட்டுவார், நாகரிகமான கோணல் சிரிப்போடு ஒப்புக்கொள்வார், தான் ஏளனம் செய்யாமலே மற்றவர்களுக்கு ஏளனம் கற்றுக்கொடுப்பார், காயப்படுத்த ஆசை, அடிக்கப் பயம்." துருக்கிய சுல்தானைப் போலச் சிம்மாசனத்தின் அருகே எந்தச் சகோதரனையும் பொறுக்க மாட்டார் என்று இன்னொரு குத்து. எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு மேலாளர் இருப்பார், அதனால்தான் இந்த வரி சாகவில்லை. இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில், இப்படி ஒருவன் இருந்தால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள், அவன் அட்டிகஸ் என்றால் யார்தான் அழாமல் இருப்பார்கள் என்று முடிக்கிறார். திறமைமேல் இருந்த மரியாதை போகவில்லை. அடிசன் 1719-லேயே காலமாகிவிட்டார்.

இரண்டாவது ஆள் 'ஸ்போரஸ்', அரசவையின் லார்டு ஹெர்வி. இங்கே மரியாதை எல்லாம் கிடையாது. போப்பின் உடலையும் பிறப்பையும் இகழ்ந்து 1733-இல் வெளிவந்த ஒரு கவிதையை ஹெர்வியும் லேடி மேரி வோர்ட்லி மாண்டேகுவும் சேர்ந்து எழுதியதாகக் கருதப்படுகிறது. போப் ஸ்போரஸ் பெயரை எடுத்ததும் ஆர்பத்நாட் குறுக்கிடுகிறார்: யார், அந்தப் பட்டுத்துணி ஆசாமியா, கழுதைப்பால் தயிரா? அவனுக்கு என்ன உறைக்கப்போகிறது? "ஒரு வண்ணத்துப்பூச்சியைச் சக்கரத்தில் கட்டி யாராவது நொறுக்குவார்களா?" சக்கரம் என்பது குற்றவாளியைக் கட்டிவைத்து எலும்பை உடைக்கும் தண்டனைக் கருவி. 1967-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் போதைப்பொருள் வழக்கில் சிறைத்தண்டனை கிடைத்தபோது, 'தி டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் ரீஸ்-மாக் ஜூலை 1-ஆம் தேதித் தலையங்கத்துக்கு இதையே தலைப்பாக வைத்தார். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கடுமையா என்ற நியாயமான கேள்வி. பிறகு மேல்முறையீட்டில் இருவரும் சிறையிலிருந்து தப்பினார்கள்.

தலையங்கத்துக்கு வரி கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கவிதையில் அதைச் சொல்வது நண்பர், போப் அல்ல. போப்பின் பதில் அடுத்த வரியிலேயே வருகிறது: இருந்தாலும் இந்தப் பொன்சிறகு மூட்டைப்பூச்சியை நான் அடித்தே தீருவேன், "நாறவும் கொட்டவும் செய்கிற, வண்ணம் பூசிய இந்த அழுக்கின் பிள்ளையை." அதன்பிறகு இருபது வரிக்கு மேல் நொறுக்கிக்கொண்டே போகிறார். கருணை கோரும் மேற்கோளாக நாம் பயன்படுத்தும் வரி, கருணை மனு நிராகரிக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது.

குட்டி வரிகள் இரண்டைச் சொல்லாமல் விடக் கூடாது. நியூட்டனுக்கு எழுதிய கல்லறை வாசகம்: "இயற்கையும் அதன் விதிகளும் இருளில் ஒளிந்திருந்தன; நியூட்டன் உண்டாகட்டும் என்றார் கடவுள், எல்லாம் வெளிச்சமாயிற்று." இருபதாம் நூற்றாண்டில் ஜே.சி. ஸ்கொயர் என்ற ஆங்கிலக் கவிஞர் இதற்கு ஒரு ஒட்டுப் போட்டார்: அது நிலைக்கவில்லை, சாத்தான் ஊளையிட்டு, ஐன்ஸ்டைன் உண்டாகட்டும் என்றான், பழைய நிலைமையே திரும்பிவிட்டது. மற்றொன்று, இளவரசர் ஃபிரெடரிக்குக்குப் போப் கொடுத்த நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டையில் பொறித்தது: "கியூ அரண்மனையில் இளவரசரின் நாய் நான், ஐயா, நீங்கள் யாருடைய நாய்?" குனிந்து அதைப் படிக்கிற ஒவ்வொரு அரசவைக்காரரும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதை எழுதும் தைரியம் அவருக்கு இருந்ததற்குக் காரணம் உண்டு. ஹோமர் மொழிபெயர்ப்பைச் சந்தா சேர்த்து விற்றுக் கைநிறையச் சம்பாதித்தவர் அவர், எந்தப் பிரபுவிடமும் கையேந்தவில்லை. ஹோமர் புண்ணியத்தில் பிழைக்கிறேன், எந்த இளவரசனுக்கும் பிரபுவுக்கும் கடன்பட்டவனில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஆர்பத்நாட் கவிதையிலிருந்து. நானூறு வரி சொச்சம், ஒரே மாலையில் முடிந்துவிடும், யார் யார் என்று அடிக்குறிப்புள்ள பதிப்பாக இருந்தால் நல்லது. அப்புறம் 'ரேப் ஆஃப் தி லாக்', ஐந்து காண்டமுள்ள பதிப்பு. 'எஸ்ஸே ஆன் மேன்' முதல் இரண்டு பாகம் போதும், மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் குடிமுழுகிவிடாது. மட்டமான எழுத்தாளர்களைப் போட்டுத் தாக்கும் 'டன்சியட்' மட்டும் கடைசிக்கு இருக்கட்டும். அதில் அடி வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களை இன்று யாருக்கும் தெரியாது.